வீட்டு பிரிண்டர்ல போடுற டெக்கால்ல வெள்ளை கலருக்கு என்ன வழி? (1/48 மிக்-21பிஸ், ஃபின்லாந்து மார்க்கிங்)

டெல்டாவிங்:

எல்லாருக்கும் வணக்கம். 1/48 அளவுல மிக்-21பிஸ் போர் விமான மாடல் ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கேன், அசெம்பிளி முடிஞ்சு சீம் எல்லாம் தேய்ச்சு ப்ரைமரும் அடிச்சாச்சு. கிட்டோட வந்த டெக்கால் (தண்ணில நனைச்சு மாடல் மேல ஒட்டுற படம்) ஷீட்ல சோவியத் சிவப்பு நட்சத்திரமும் இன்னும் ரெண்டு நாட்டு மார்க்கிங்கும் இருக்கு, ஆனா எனக்கு வேண்டியது ஃபின்லாந்து விமானப்படை. அவங்க 1978லேருந்து 1998 வரைக்கும் பிஸ் ஓட்டினாங்க, மேல பச்சையும் கருப்பும் கலந்த கேமோ, கீழ கிரே, அது மேல வெள்ளை-நீலம்-வெள்ளை வட்டம், பாக்க அவ்ளோ நல்லா இருக்கும். தனியா விக்கிற ஆஃப்டர்மார்க்கெட் ஷீட் கிடைக்கிற மாதிரி தெரியல, அதனால வாட்டர்ஸ்லைடு டெக்கால் பேப்பர் வாங்கி நானே பிரிண்ட் பண்ணிடலாம்னு இறங்கிட்டேன்.

கைல இருக்கிறது சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர், கிளியர் டெக்கால் பேப்பர். இங்க்ஸ்கேப்ங்கிற வரையுற சாஃப்ட்வேர்ல வட்டம் வரைஞ்சு ஒரு வேண்டாத பழைய விங்குல டெஸ்ட் ஒட்டினேன். வெள்ளை வளையம் இருக்க வேண்டிய இடத்துல அடியில இருக்கிற பச்சை அப்படியே தெரியுது, நீலமும் கிட்டத்தட்ட கருப்பா போயிடுச்சு, அது போதாதுன்னு ஓரம் முழுக்க வெள்ளி மாதிரி பளபளன்னு ஒரு படலம் வேற. இதுக்கு என்ன பண்றீங்க எல்லாரும்? லேசருக்கு மாறணுமா? அப்புறம் வட்டத்தோட சைஸ் எவ்ளோன்னு எங்கயும் போடல, போட்டோ மட்டும்தான் இருக்கு, அதை வெச்சு அளவு எடுக்க வழி இருக்கா?


டோனர்தாஸ்:

லேசருக்கு மாறினாலும் வெள்ளை வராது ப்ரோ, அதை முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. வீட்டு பிரிண்டர் எதுலயுமே வெள்ளைன்னு ஒரு இங்க் கிடையாது, பேப்பர் வெள்ளையா இருக்கும்ங்கிற நம்பிக்கைலதான் அது வேலையே பாக்குது. வெள்ளை வர வேண்டிய இடத்தை சும்மா விட்டுடும், கிளியர் ஃபிலிம்ல சும்மா விட்டா அங்க ஓட்டைதான். மீதி கலர் இங்க்கும் ஒளி ஊடுருவுற சமாச்சாரம், அதனாலதான் உங்க நீலம் பச்சை மேல உக்காந்ததும் செத்துப்போச்சு. மஞ்சள் போட்டு பாருங்க, இருக்கிற இடமே தெரியாது.

வெள்ளையை நிஜமாவே அடிக்கிற மெஷின் இருந்துச்சு, ஆல்ப்ஸ் எம்டி சீரிஸ்னு, இங்க்குக்கு பதிலா ரிப்பன் போட்டு சூட்டுல ஒட்டுற டைப், வெள்ளை ரிப்பன், மெட்டாலிக் ரிப்பன் எல்லாம் உண்டு. தயாரிப்பு எப்பவோ நின்னு போச்சு, வெச்சிருக்கிறவங்க ரிப்பனை பூட்டி வெச்சு காவல் காக்குறாங்க. இப்ப வெள்ளை டோனர் போடுற லேசர் மெஷின் ஓகி கம்பெனி பண்ணுது, ஆனா அது பிரிண்டிங் தொழில் பண்றவங்களுக்கு, நாலு வட்டத்துக்காக யாரும் வாங்க மாட்டாங்க. அந்த மாதிரி மெஷின் வெச்சு ஆர்டருக்கு அடிச்சு குடுக்கிறவங்க இருக்காங்க, ஃபைலை வெக்டர்ல (எவ்ளோ பெருசாக்கினாலும் ஓரம் உடையாத கோட்டுப் படமா) குடுத்தா போதும்.

லேசர்ல லாபம் என்னன்னா டோனர்ங்கிறது உருகி ஒட்டுற பிளாஸ்டிக், தண்ணில கரையாது. எழுத்து ஓரம் கத்தி மாதிரி வரும். ஆனா ஒண்ணு, லேசர் பேப்பர் வேற, இங்க்ஜெட் பேப்பர் வேற. உங்ககிட்ட இருக்கிற இங்க்ஜெட் ஷீட்டை ஆசைப்பட்டு லேசர்ல விட்டுடாதீங்க, உள்ள டோனரை உருக்குற ஃப்யூசர் சூடு கிட்டத்தட்ட 200 டிகிரி, ஃபிலிம் உருகி ரோலர்ல சுத்திக்கும், அதோட பிரிண்டர் கதை முடிஞ்சுது.


மாஸ்க்டேப்_மாமா:

ஒரு வட்டத்துக்கு ஏம்ப்பா இவ்ளோ பாடு. சர்க்கிள் கட்டர் ஒண்ணு எடு, மாஸ்கிங் டேப்புல மூணு வட்டம் வெட்டு, முதல்ல வெள்ளை அடி, வெளி வளையத்தையும் நடு வட்டத்தையும் மூடு, நீலம் அடி, பிரிச்சு எடு. முடிஞ்சுது. நிஜ ஜெட்லயும் அது பெயிண்ட்தானே, ஸ்டிக்கரா ஒட்டியிருக்கான்? பெயிண்ட்ல ஃபிலிம் ஓரம் தெரியாது, வெள்ளி மாதிரி மின்னுற சில்வரிங் வராது, பேனல் லைன்ல (தகடு சேர்ற கோட்டுப் பள்ளம்) தானா இறங்கும். டெக்காலை எழுத்துக்கு மட்டும் வெச்சுக்கோ.


பசைக்காரி:

மாமா சொல்றது சரிதான், ஆனா எல்லார்கிட்டயும் ஏர்பிரஷ் இருக்காது, மூணு வட்டத்தையும் ஒரே மையத்துல உக்கார வைக்கிற கை எல்லாருக்கும் அமையாது. டெல்டாவிங், உங்க கேஸ்ல அதிர்ஷ்டம் என்னன்னா அந்த ஃபின்லாந்து வட்டத்தோட வெளி ஓரமே வெள்ளை, அதுவும் சுத்தமான வட்டம். இதுக்கு கிளியர் பேப்பர் வேண்டாம், வெள்ளை டெக்கால் பேப்பர் வாங்குங்க, அதே இங்க்ஜெட்ல அடிக்கலாம். வெளி வெள்ளையையும் நடு வெள்ளையையும் பேப்பரே குடுத்துடும், நீலத்துக்கு அடியிலயும் வெள்ளை இருக்கிறதால கலர் சாகாது. நீல வளையத்தை மட்டும் அடிச்சுட்டு, அப்புறம் வெளி வெள்ளையோட அளவுல சர்க்கிள் கட்டரால வெட்டுங்க, மையம் மட்டும் தள்ளிப் போகாம பாத்துக்கோங்க. ஃபிலிமோட குறுக்குவெட்டும் வெள்ளைங்கிறதால ஓரம் தனியா உறுத்தாது.

வெள்ளை பேப்பர் ஃபிலிம் கொஞ்சம் தடிமனாத்தான் இருக்கும், அதை மறைக்க வேண்டாம். மிக்-21 விங் நல்லா தட்டையா இருக்கிற விங், அங்க பிரச்சனை இல்ல. பாடில ஒட்டுற வட்டத்துக்குத்தான் சாஃப்ட்னர் (ஃபிலிமை இளக்கி வளைவுல படிய வைக்கிற திரவம்) கொஞ்சம் கூட செலவாகும்.

ஆனா எல்லாத்துக்கும் இது வேலைக்கு ஆகாது. அமெரிக்கன் நட்சத்திரம்-பட்டை மாதிரி மூலை முடுக்கு இருக்கிற வடிவமா இருந்தா வெட்டி முடிக்கிறதுக்குள்ள கண்ணு போயிடும், தனித்தனி எழுத்தா இருந்தா சுத்தமா முடியாது. சில பேர் வெள்ளை பேப்பர்ல எழுத்தை சுத்தி கேமோ கலரையும் சேர்த்து அடிச்சு ஒட்டுவாங்க, அந்த கலர் பெயிண்டோட ஒட்டவே ஒட்டாது, நாலடி தள்ளி நின்னு பாத்தாலும் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும். எழுத்துக்கு கிளியர்தான், அதுவும் கருப்பு எழுத்தா இருந்தா பச்சை மேலயும் தைரியமா ஒட்டலாம்.


டெல்டாவிங்:

அக்கா இது எனக்கு தோணவே இல்ல, வெள்ளை பேப்பர்னா ஓரம் அசிங்கமா தெரியும்னு படிச்சு படிச்சு அந்த பக்கமே போகாம இருந்தேன். அப்ப விங் வட்டம், பாடி வட்டம் எல்லாம் வெள்ளை பேப்பர், நம்பர், ஸ்டென்சில் (விமானத்து மேல இருக்கிற சின்ன குறிப்பு எழுத்து) எல்லாம் கிளியர் பேப்பர்னு வெச்சுக்கிறேன். ஆனா டெஸ்ட்ல வந்த அந்த வெள்ளி படலம் எதனால? பேப்பர் மட்டமா?


பசைக்காரி:

பேப்பர் மேல பழி போடாதீங்க பாவம். டெஸ்ட் விங் மேல மேட் பெயிண்ட்தானே இருந்துச்சு? மேட் பெயிண்ட்னா கண்ணுக்கு தெரியாத மேடு பள்ளம்னு அர்த்தம், ஃபிலிம் மேட்டுல மட்டும் உக்காரும், பள்ளத்துல காத்து மாட்டிக்கும், வெளிச்சம் பட்டா அந்த காத்துதான் வெள்ளியா மின்னுது. இதைத்தான் சில்வரிங்ங்கிறது. கடைல வாங்குற ஷீட்லயும் வரும், ஆனா வீட்டு டெக்கால்ல ரெண்டு மடங்கா தெரியும், ஏன்னா கம்பெனி ஷீட்ல கேரியர் ஃபிலிமை டிசைனை சுத்தி மட்டும் அச்சடிச்சிருப்பாங்க, நம்ம பேப்பர்ல ஷீட் முழுக்க ஃபிலிம். நீங்க எவ்ளோ விட்டு வெட்டுறீங்களோ அவ்ளோ ஃபிலிம் விமானத்து மேல வந்து உக்காரும். எழுத்தை ஒட்டி வெட்டுங்க, மூலையை வளைச்சு வெட்டுங்க.

பெயிண்ட் முழுசா காஞ்சதும் கிளாஸ் கோட் அடிங்க. டமியா எக்ஸ்-22 மாதிரி எந்த கிளாஸ் கிளியரா இருந்தாலும் சரி, கையால தடவினா வழுக்கணும். அது காஞ்சதுக்கு அப்புறம் டெக்கால், அது நல்லா காஞ்சதும் மேல இன்னொரு லேசான கிளாஸ், எல்லாம் முடிச்சு கடைசியா மேட். மேட் விழுந்ததும் ஃபிலிம் ஓரம் பாதி மறைஞ்சுடும்.


டோனர்தாஸ்:

இங்க்ஜெட்னா சீல் பண்றதை மறந்துடாதீங்க, அதை இன்னும் யாரும் சொல்லல. பிரிண்ட் வெளிய வந்ததும் ஒரு ராத்திரி முழுக்க காய விடுங்க, தொட்டு பாக்குற ஆசையை அடக்குங்க. அப்புறம் அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரே, முதல் கோட் சும்மா தூசி மாதிரி தூரத்துலேருந்து, நனையவே கூடாது, நனைஞ்சா இங்க் பரவி எழுத்து மீசை முளைச்சு நிக்கும். முதல் கோட் காஞ்சதும் ரெண்டாவது, மூணாவது கோட் கொஞ்சம் தாராளமா. அதுக்கு மேல போகாதீங்க, அடிக்க அடிக்க ஃபிலிம் தகடாயிட்டே போகும், அப்புறம் எந்த சாஃப்ட்னருக்கும் மசியாது. மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கால் ஃபிலிம்னு பிரஷ்ல பூசுறது ஒண்ணு வருது, நல்ல சரக்கு, ஆனா சீல் பண்ணாத இங்க்ஜெட் மேல நேரா பிரஷ் வெச்சா இங்க் இழுத்துக்கிட்டு வந்துடும்.

லேசர்ல இந்த தலைவலி கம்மி, ஆனா டோனர் மடிச்சா விரியும், உதிரும், அதனால அதுக்கும் நான் ஒரு கோட் குடுத்துடுவேன்.


மாஸ்க்டேப்_மாமா:

சைஸ் பத்தி ஒருத்தனும் வாய தொறக்கல பாத்தியா. நல்லா பக்கவாட்டுல எடுத்த போட்டோவா பொறுக்கு, தூரத்துலேருந்து ஜூம் பண்ணி எடுத்ததுன்னா இன்னும் உத்தமம், கிட்டத்துல நின்னு எடுத்ததுல மூக்கு பெருத்து வால் சிறுத்து நிக்கும், அதுல அளந்தா அவ்ளோதான். அப்புறம் புத்தகத்துல போட்டிருக்கிற நீளம் அகலத்தை நம்பி 48ஆல வகுக்காதே. பிஸ்ஸோட விங்ஸ்பேன் 7.15 மீட்டர், அதை 48ஆல வகுத்தா 149 மிமீ வரும், உன் கிட் அந்த அளவுல இருக்கான்னு வேணா ஸ்கேல் வெச்சு பாத்துக்கோ, இல்லன்னா ஆச்சரியப்படாதே. அதனால கிட்டையே அளவுகோலா வெச்சுக்கோ. வட்டத்துக்கு பக்கத்துல இருக்கிற ரெண்டு பேனல் லைன், இல்ல ஏதாவது ஹேட்ச், போட்டோல அந்த இடைவெளி எத்தனை பிக்சல், வட்டம் எத்தனை பிக்சல். அதே இடைவெளியை உன் மாடல்ல வெர்னியர்ல அள. விகிதம் போட்டா வட்டத்தோட சைஸ் மிமீல நேரா வந்துடும், ஸ்கேல் கணக்கே வேண்டாம்.

இன்னொண்ணு, மிக்-21 பாடி உருளை. பாடி மேல இருக்கிற வட்டத்தை போட்டோல உயரத்துல அளக்காதே, மேலயும் கீழயும் வளைஞ்சு போறதால உயரம் குறைச்சலா தெரியும். படுக்கை வாக்குல அள, அந்த பக்கம் வளைவு கிடையாது, அதுதான் நிஜ விட்டம்.


டோனர்தாஸ்:

மாமா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க, ஃபைல்ல ஒரு ஓரமா 100 மிமீ கோடு ஒண்ணு வரைஞ்சு வெச்சுட்டு முதல்ல சாதா பேப்பர்ல அடிங்க, ஸ்கேல் வெச்சு அது 100ஆ இருக்கான்னு பாருங்க. பிரிண்ட் செட்டிங்ல "பக்கத்துக்குள் பொருத்து"ங்கிறது தானா ஆன் ஆகியிருக்கும், 97 சதவீதம் ஆக்கி விட்டுடும், வட்டத்துல தெரியாது, ஆனா எழுத்து வரிசையை ஒட்டுறப்ப இடிக்கும். சாதா பேப்பர்ல வந்ததை வெட்டி மாடல் மேல வெச்சு டேப் போட்டு தள்ளி நின்னு பாருங்க, கண்ணு சொல்லிடும். நீலமும் அப்படித்தான், ஸ்கிரீன்ல பாக்குற நீலம் வேற பேப்பர்ல வர்ற நீலம் வேற, நாலஞ்சு விதமான நீலத்தை கட்டம் கட்டமா ஒரு துண்டு டெக்கால் பேப்பர்லயே அடிச்சு போட்டோவோட ஒப்பிடுங்க. அப்புறம் ஃபைனல் ஷீட்ல ஒவ்வொண்ணும் மூணு காப்பி போடுங்க, ஷீட் காலியா கிடந்து என்ன ஆகப்போகுது.


கோஸ்ட்கிரே:

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கவும், தலைப்பு பாத்ததும் என் பிரச்சனையும் இதுதானேன்னு வந்துட்டேன். நான் பண்றது 1/72 எஃப்/ஏ-18, அமெரிக்க கடற்படை, மேல எஃப்எஸ் 36320, கீழ எஃப்எஸ் 36375 (எஃப்எஸ்ங்கிறது அமெரிக்க அரசு கலர் நம்பர், ரெண்டும் கிரே, 36375 வெளிர்), மார்க்கிங் எல்லாம் லோ விசிபிலிட்டி, கிரே மேல கிரே. வெள்ளையே இல்லாததால வீட்டுல அடிச்சா ஈஸியா இருக்கும்னு நெனச்சேன். சரியா?


பசைக்காரி:

ஈஸியா தெரியுற இதுதான் இருக்கிறதுலயே கஷ்டம் 🙂 ரெண்டு காரணம். சாதாரண வீட்டு பிரிண்டர்கிட்ட கிரே இங்க்கும் கிடையாது, கருப்பு புள்ளியை தள்ளித்தள்ளி வெச்சு கிரேன்னு கண்ணை ஏமாத்துது, சிலது நீலம் சிவப்பு புள்ளியையும் கலந்து விடும். பேப்பர்ல தெரியாது. மாடல்ல, அதுவும் மேட் கோட்டுக்கு அப்புறம் பக்கத்துல வெச்சு பாத்தா புள்ளி புள்ளியா தெரியும், ஓரமும் ரம்பம் மாதிரி இருக்கும்.

ரெண்டாவதுதான் பெரிய சிக்கல். அந்த விமானங்கள்ல நிறைய இடத்துல இருட்டு கிரே மேல வெளிர் கிரேல எழுதியிருப்பாங்க. டோனர்தாஸ் மேல சொன்னாரே, இங்க் ஒளி ஊடுருவுறது, அதால அடியில இருக்கிறதை இன்னும் இருட்டாக்க முடியுமே தவிர வெளுக்க வைக்க முடியாது. 36320 மேல 36375 வரணும்னா அடியில வெள்ளை வேணும், இல்ல பெயிண்ட் வேணும். அடிவயித்துல 36375 மேல இருட்டு கிரே எழுத்து மட்டும் கிளியர் பேப்பர்ல ஒப்பேத்தலாம்.


மாஸ்க்டேப்_மாமா:

ஆக சுத்தி சுத்தி மாஸ்க்குக்கே வந்து நிக்குறீங்க. கோஸ்ட்கிரே, கட்டிங் மெஷின் யார்கிட்டயாவது இருந்தா அதே வெக்டர் ஃபைலை குடு, மாஸ்கிங் ஷீட்ல எழுத்தை வெட்டிக் குடுக்கும், கிரே பெயிண்டை அந்த துளை வழியா அடிச்சு விடு, கலரும் பாட்டில்ல இருக்கிற அதே கலர். தமாஷ் என்னன்னா அமெரிக்க விமானப்படை வால் எழுத்து மாதிரி 24 இஞ்ச் உயரம் இருக்கிறது 1/72ல கூட 8.5 மிமீ வரும், வெட்டிடலாம். சின்ன ஸ்டென்சில்தான் முடியாது, அதுக்கு டெக்கால்காரங்க கால்ல விழு.


கோஸ்ட்கிரே:

விழுந்துட்டேன் மாமா. சின்ன ஸ்டென்சில் 1/72ல வீட்டு பிரிண்டர்ல படிக்கிற மாதிரி வருமா?


டோனர்தாஸ்:

கணக்கு போட்டு பாத்துக்கலாம். நிஜத்துல 40 மிமீ உயர எழுத்து 1/72ல 0.55 மிமீ. 600 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 600 புள்ளி) ஒரு புள்ளி 0.042 மிமீ, அப்ப ஒரு எழுத்துக்கு உயரத்துல 13 புள்ளி கிடைக்குது, கருப்பா இருந்தா லேசர்ல லென்ஸ் வெச்சு படிச்சுடலாம். டெல்டாவிங்கோட 1/48ல அதே எழுத்து 0.83 மிமீ, கிட்டத்தட்ட 20 புள்ளி, அது தாராளம். ஆனா கருப்பை சுத்தமான கருப்பா குடுங்க, ஆர்ஜிபில பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம், கொஞ்சம் வெளுத்தாலும் பிரிண்டர் புள்ளி வைக்க ஆரம்பிச்சுடும், எழுத்து கரைஞ்சு போயிடும். எழுத்தை படமா வைக்காம வெக்டராவே வெச்சு அடிங்க. இங்க்ஜெட்ல இந்த சைஸ் கொஞ்சம் கொழகொழன்னுதான் வரும், ஃபிலிம் மேல இங்க் பரவுது, பேப்பர் டைப்பை போட்டோ பேப்பர்னு குடுத்து குவாலிட்டியை உச்சத்துல வெச்சா ஓரளவு சரியாகும்.


டெல்டாவிங்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ விஷயம் எதிர்பாக்கல. கடைசியா ஒண்ணு. என்கிட்ட டெக்காலை படிய வைக்கிற திரவம் மைக்ரோ செட், மைக்ரோ சால் ரெண்டும் இருக்கு, மிஸ்டர் மார்க் சாஃப்டரும் இருக்கு. வீட்டு டெக்கால்ல இதெல்லாம் போட்டா சீல் பண்ண கிளியரே கரைஞ்சுடுமோன்னு பயமா இருக்கு. எதை போடுறது?


பசைக்காரி:

பயம் நியாயமானதுதான். ஸ்ப்ரே கிளியருக்கு கிளியர் நடத்தை மாறுது, சிலது மார்க் சாஃப்டர் பட்டதும் குழைஞ்சு போயிடும், சிலது அசையவே அசையாது. அதனாலதான் மூணு காப்பி, ஒண்ணை அந்த டெஸ்ட் விங்குல பலி குடுங்க. வெதுவெதுப்பான தண்ணில முக்கி உடனே எடுத்து டிஷ்யூ மேல வைங்க, தண்ணிலயே ஊற விட்டா அடியில இருக்கிற பசை முழுக்க கரைஞ்சு போயிடும், அப்புறம் ஒட்டாது. வீட்டு ஷீட் நகர கொஞ்சம் நேரம் எடுக்கும், பிடிச்சு இழுக்காதீங்க. ஒட்டுற இடத்துல மைக்ரோ செட் ஒரு துளி, வினிகர் வாசனை வருமே அதுதான், அது பிடிப்புக்கு. டெக்காலை வெச்சு நகர்த்தி சரி பண்ணி நடுவுலேருந்து ஓரத்துக்கு தண்ணியை ஒத்தி எடுத்துட்டு, கொஞ்சம் பிடிச்சதுக்கு அப்புறம் மைக்ரோ சால் மேல தடவுங்க. சுருங்கும், பதறாதீங்க, கை வைக்காதீங்க, காயும்போது தானா இழுத்துக்கிட்டு படிஞ்சுடும். அப்பவும் பேனல் லைன் மேல பாலம் மாதிரி நிக்குதுன்னா புது பிளேடால லைன் மேலயே ஒரு கீறு போட்டு மறுபடி சால். மார்க் சாஃப்டரை அந்த வெள்ளை பேப்பர் வட்டத்துக்கு மட்டும் வெச்சுக்கோங்க, அதுவும் டெஸ்ட்ல தாங்கினா. கிளியர்ல போட்ட எழுத்துக்கு மைக்ரோ சாலே அதிகம்.


மாஸ்க்டேப்_மாமா:

ஸ்டென்சிலை வட்டத்துக்கு அப்புறம் ஒட்டு, வட்டத்துக்கு பக்கத்துல வர்றதை எல்லாம் அதை பாத்து இடம் வைக்கலாம். மூக்கு மேல இருக்கிற பிட்டோ குழாயை மேட் கோட் எல்லாம் முடிஞ்சு கடைசியா மாட்டு, முன்னாடியே மாட்டினா இத்தனை டெக்கால் ஒட்டுறப்ப கட்டாயம் கை தட்டி ஒடைப்பே.